பழவேற்காடு ஏரியில் ஒரு வாடகைக் கார்

பழவேற்காடு ஏரித் தீவுகளை வாடகைக் காரில் சுற்றிப் பார்க்க முடியுமா என்று கேட்பவர்களிடம், கார் போகிற தீவில் நாம் இறங்கி விருப்பம்போல் நடக்க முடியாது என்றும், விருப்பம்போல் நடக்கக்கூடிய தீவுக்குக் கார் போகாது என்றும் சொல்வது என் வழக்கம். கேட்பவர்கள் இதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஆந்திர எல்லையில் தடாவில் குடியிருக்கும் எனக்கு, இந்த ஏரியைப் பற்றிச் சொல்ல இதைவிடச் சரியான விவரம் வேறொன்றும் தெரியவில்லை. எந்தத் தீவுக்குச் சாலை வந்தது, எதற்கு வரவில்லை, வந்த சாலை யாருக்காக வந்தது என்பதைக் கொண்டே இவ்வட்டாரத்தின் கடந்த அரை நூற்றாண்டைப் படித்துவிடலாம்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அகலம் சில இடங்களில் ஒரு கால்வாயின் அளவுக்குக் குறுகி, சில இடங்களில் 17 கிலோமீட்டரைத் தாண்டும். ஆழமோ சராசரியாக ஒரு மீட்டர்தான். ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரங்கள் வழியே ஏறும் கடல்நீரும் இதில் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழை நிறைந்து பெய்த ஆண்டில் நீர்ப்பரப்பு 450 சதுர கிலோமீட்டர் வரை விரியும்; கோடையில் அதில் பாதியளவுக்குச் சுருங்கி, நேற்றுவரை படகு போன இடத்தில் மாடுகள் மேயும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டுக்கு. ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்துக்கொண்டு நீண்டு கிடக்கும் மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ஏரிக்குள்ளே இரக்கம், வேநாடு முதலிய தீவுகள் இருக்கின்றன.

மாநில எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது தகராறில் நின்ற ஊர்களின் கணக்கு, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தால் தீர்க்கப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ம.பொ.சி. முன்னின்று போராடிய திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்ததை எல்லோரும் அறிவார்கள். அதற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போனதை எங்களைப் போல அந்தப் பக்கம் வாழ்பவர்கள்தான் நினைவில் வைத்திருக்கிறோம். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுவது எங்களுக்குப் பழகிப்போனது. 2022இல் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பிரித்துத் திருப்பதி மாவட்டத்தில் எங்களைச் சேர்த்தபோதும், முகவரியில் ஒரு வரி மாறியது என்பதற்கு மேல் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மகன் கேட்டதால்தான் இம்முறை வண்டி எடுத்தோம். அவன் மொரீசியசுக்குப் போய், விமான நிலையத்திலேயே சாவியை வாங்கிக்கொண்டு, கரையோரச் சாலைகளில் தீவைச் சுற்றிவிட்டு வந்தவன். நம் நாட்டைப் போலவே அங்கும் சாலையின் இடப்பக்கமாக ஓட்டுவதால் சிரமமே இல்லை என்றும், இங்கேயும் தீவுகள் இருக்கும்போது அப்படி ஒரு சுற்று ஏன் போகக்கூடாது என்றும் சொன்னான். நாமே ஓட்டுவதற்கு வாடகைக்குத் தரும் வண்டிகளுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் எண் இருக்கும். வெள்ளைப் பலகையோடு தெரிந்தவர் மூலம் கிடைக்கும் சொந்த வண்டி மலிவாக இருக்கலாம். விபத்து என்று வந்தால் காப்பீடு கைகொடுக்காது என்பதால் அந்த யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை. சென்னையில் வண்டி எடுப்பவர்கள் அகில இந்தியச் சுற்றுலா அனுமதி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அது இல்லாவிட்டால் எளாவூர்ச் சோதனைச் சாவடியைத் தாண்டி ஆந்திரத்துக்குள் நுழைவதற்குத் தற்காலிக அனுமதியும் வரியும் தனியே தேவைப்படும். நாங்கள் ஆந்திர எண் கொண்ட வண்டியையே எடுத்தோம்.

சூலூர்ப்பேட்டையில் செங்காளம்மன் கோயிலைத் தாண்டித்தான் ஏரிச் சாலைக்குப் போகிறோம். காளங்கியாற்றங்கரையில் இருக்கும் இந்தக் கோயிலுக்கு, ராக்கெட் ஏவும் நாளுக்கு முன்பு இஸ்ரோ தலைவர்கள் வந்து வணங்கிப் போவது செய்தித்தாள்களில் தவறாமல் வரும் படம். அறிவியலாளர் அம்மனைக் கும்பிடலாமா என்று நகரத்தில் நடக்கும் விவாதம் இந்த ஊரில் எடுபடாது. ஊருக்கு வருகிறவர்கள் ஊர்த் தெய்வத்தைப் பார்த்துவிட்டுப் போவதுதான் மரியாதை என்பது இங்குள்ளவர்களின் கணக்கு.

ஊரைக் கடந்ததும் நீருக்கு நடுவே வகிடு எடுத்ததுபோல் நேராகக் கிழக்கு நோக்கி ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஓடுகிறது சாலை. வாடகைக் காருக்கு இந்த ஏரியில் உண்மையான பயன் இருக்கிறது என்றால் அது இந்தச் சாலையில்தான் இருக்கிறது. பறவைகள் மனிதனின் உருவத்துக்கு அஞ்சுகிற அளவுக்குக் காரின் உருவத்துக்கு அஞ்சுவதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, இயந்திரத்தை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் பூநாரைகள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இறங்கி நான்கு அடி வைத்தால் போதும், கூட்டம் முழுவதும் அதே அளவு தூரம் தள்ளிப் போய்விடும். கைப்பேசியை நீட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்குகிறவர்களுக்கு ஏன் நல்ல படம் கிடைப்பதில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பூநாரையின் அலகு தலைகீழாக வேலை செய்வதற்கென்றே வளைந்தது. தலையை நீருக்குள் கவிழ்த்து, கால்களால் சேற்றைக் கலக்கி, நாக்கை ஓயாமல் அசைத்துத் தண்ணீரை உள்ளிழுத்து வெளியேற்றும்போது, அலகின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற அமைப்பு நுண்ணுயிர்களையும் சிறு கூனிகளையும் தடுத்து நிறுத்திக்கொள்கிறது. அவ்வுணவிலுள்ள நிறமிதான் இறகில் இளஞ்சிவப்பாகத் தேங்குகிறது. குஞ்சுப் பருவத்தில் அவை சாம்பல் நிறம்தான். முழங்கால் அளவு நீரும் கலக்கிவிடத் தோதான சேறும் உள்ள இடத்தைத் தேடி அவை இங்கே வருகின்றன. ஏரி வற்றிவிட்டாலும் வராது, ஆழமாக நிறைந்துவிட்டாலும் சாலையோரம் வராது. ஆகவே மழை முடிந்து நீர் வடியத் தொடங்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களே காரிலிருந்து பார்ப்பதற்கு ஏற்ற காலம். அப்போதுதான் சூலூர்ப்பேட்டையில் பறவைத் திருவிழாவும் நடக்கும். திருவிழா நாளில் மனிதர்கள்தான் அதிகம் தென்படுவார்கள் என்பதால் அதற்கு ஒரு வாரம் முன்போ பின்போ வருவது புத்திசாலித்தனம்.

சாலையின் நடுவில் அட்டகானிதிப்பா என்ற மேட்டு நிலத்து ஊர் வருகிறது. வனத்துறையின் பறவை விளக்க மையம் அங்கே இருக்கிறது. அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் மரங்கள் தொடங்குகின்றன. அதன் பிறகு ராக்கெட் ஏவுதளத்தின் காவல் சாவடி. என் தம்பி எதிர்பார்த்துக்கொண்டிருந்த கரையோரச் சாலை அந்த இரும்புத் தடுப்பின் மறுபக்கத்தில்தான் இருக்கிறது. பார்வையாளர்களுக்கு அனுமதிக்கப்பட்டவை, முன்பதிவு செய்து அடையாளச் சான்றோடு போனால் பார்க்கக்கூடிய விண்வெளி அருங்காட்சியகமும், 2019இல் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்ட ஏவுதல் காட்சி மாடமும்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு கடற்கரைக்குப் போகலாமா என்று கேட்கிற இடம் இதுவல்ல.

இந்த இடத்தை ஏவுதளத்துக்காக 1969இல் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களை நிலப்படத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். கிழக்கே திறந்த கடல் இருப்பதால் கழன்று விழும் பாகங்கள் மனிதர்கள் மேல் விழாது. 13.7 பாகை வட அட்சரேகையில் பூமியின் தரை வினாடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுழன்றுகொண்டிருப்பதால், கிழக்கே ஏவும் ராக்கெட்டுக்கு அந்த வேகம் செலவில்லாமல் கிடைக்கிறது. மேற்கே ஏரியே அகழியாக இருக்கிறது. தெற்கு நோக்கி, துருவப் பாதையில் அனுப்பும்போது மட்டும் இலங்கை குறுக்கே வருவதால் ராக்கெட் வளைந்து போக வேண்டியிருக்கிறது. அந்த எரிபொருள் விரயத்தைத் தவிர்க்கத்தான் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இங்கிருந்து முதல் சிறு ஆய்வு ராக்கெட் 1971 அக்டோபர் 9 அன்று கிளம்பியது. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. சந்திரயான்-3 கிளம்பிய 2023 ஜூலை 14 அன்று சூலூர்ப்பேட்டையின் மொட்டை மாடிகளில் இடமில்லை. அங்கிருந்து பார்ப்பவர்களுக்கு முதலில் ஒளிதான் வரும். ஒலி வினாடிக்கு 340 மீட்டர் வீதம் நடந்து வர வேண்டியிருப்பதால், ராக்கெட் மேகத்துக்குள் நுழைந்த பிறகு, கிட்டத்தட்ட ஒரு நிமிடம் கழித்து, ஜன்னல் கண்ணாடிகள் அதிரும்.

அருங்காட்சியகத்தில் இந்த வரலாறு நன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நான் அங்கே தேடுவது வேறொன்று. ராக்கெட்டுக்கு முன்பு இந்தத் தீவு யானாதியர் என்ற பழங்குடியினரின் காடாக இருந்தது. தேன், கிழங்கு, மூலிகை, மீன் என்று காட்டையும் ஏரியையும் நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள். இந்தக் காட்டிலிருந்து வெட்டிய விறகு பக்கிங்ஹாம் கால்வாய் வழியே படகில் சென்னைக்குப் போய் அந்நகரத்தின் அடுப்புகளை எரித்தது. ஏவுதளத்துக்காக நிலம் எடுக்கப்பட்டபோது இடம்பெயர்ந்தவர்களில் அவர்கள் பெரும்பங்கினர். ஏரியின் கரையூர்களில் இன்றும் யானாதியர் குடியிருப்புகளைப் பார்க்கலாம்; கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் அவர்களின் திறமைக்கு ஈடு கிடையாது. சந்திரனுக்குப் போன கதையை ஒரு கூடம் முழுக்கச் சொல்கிறவர்கள், இதற்கும் ஒரு சுவரை ஒதுக்கலாம்.

நாம் ஓட்டிவந்த சாலையும் ஏரிக்குச் செலவு வைத்ததுதான். ஏரியின் குறுக்கே மண்ணைக் கொட்டி எழுப்பிய கரை, இடையிடையே நீர்வழிகள் விட்டிருந்தாலும், வடக்குப் பகுதிக்கும் தெற்குப் பகுதிக்கும் இடையே நீர் தாராளமாகப் போய்வருவதைக் கட்டுப்படுத்துகிறது. வடக்கே துகராஜபட்டினம் பக்கத்திலிருந்து தீவுக்கு வரும் இன்னொரு சாலையும் இருக்கிறது. கோடையில் சாலைக்கு வடக்கே பாளம் பாளமாக வெடித்த உப்புத் தரையையும், தெற்கே இன்னும் மிச்சமிருக்கும் நீரையும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தபடி இரு ஜன்னல்களிலும் பார்க்கலாம். பூநாரைகளைப் பக்கத்தில் பார்க்கும் வசதியைத் தந்த சாலையே அவற்றின் இரைநிலத்தை நறுக்கியும் இருக்கிறது. இதை அறிந்த பிறகும் அந்தச் சாலையில் நான் போகத்தான் செய்கிறேன்.

நேரம் இருந்தவர்கள் அன்றே சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டுக்குப் போய்விடலாம். நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் சரணாலயம் அது. ஏரியில் இரை எடுத்து அங்கே குஞ்சு பொரிக்கின்றன என்பதால் இரண்டும் ஒரே கதையின் இரு பகுதிகள். தேசிய நெடுஞ்சாலை 16இலிருந்து வழி எளிது.

மறுநாள் இரக்கம் தீவுக்குக் கிளம்பினோம். தடாவிலிருந்து பீமுலவாரிப்பாளையம் படகுத்துறை வரை கார் போகும். அதற்குமேல் போக வேண்டுமானால் படகு. துறையில் மரத்தடியில் நிழல் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு வந்தபோது, என் தம்பியின் முகத்தில் வாடகை ஓடிக்கொண்டிருக்கும் கவலை தெரிந்தது. படகில் எங்களோடு ஏறியவை இரண்டு மோட்டார் சைக்கிள்கள், ஒரு எரிவாயு உருளை, அரிசி மூட்டைகள், முட்டை அட்டைகள், வாரச் சந்தையிலிருந்து திரும்பும் பெண்கள், ஒரு புதுக் கட்டிலின் பாகங்கள். தீவில் எது இருந்தாலும் அது இந்தப் படகில் வந்ததுதான் என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம். நீர் வற்றிய இடங்களில் இயந்திரத்தை மேலே தூக்கிவிட்டுக் கழி ஊன்றித் தள்ளினார்கள்.

படகை ஓட்டிய பெரியவர் எங்கள் தமிழைக் கேட்டதும் பேச்சுக்கு வந்தார்.

“எந்த ஊரு தம்பி?”

“தடாதாங்க பெரியவரே. இவன் என் சித்தப்பா மகன், கோயம்புத்தூரு.”

“காரை அங்க விட்டுட்டு வந்தீங்களா? நல்லது. பாலம் வரும்னு சொல்றாங்க. நான் பொடியனா இருந்தப்பவே சொன்னாங்க.”

“வந்தா உங்க படகுக்கு வேலை இருக்காதே?” என்று தம்பி கேட்டான்.

“இல்லாமப் போகட்டுமே. ராத்திரியில வலி வந்த பொண்ணுங்களை இதுல ஏத்திக்கிட்டு எத்தனை தடவை வந்திருப்பேன்னு நெனைக்கிறே? காத்து எதிர்ல அடிச்சா என்ன பண்ணுவே?”

தம்பி அதற்குப் பிறகு பாலத்தைப் பற்றிப் பேசவில்லை. சுற்றுலாப் பயணிக்குப் படகு ஓர் அழகு. அங்கே குடியிருப்பவருக்கு அது காத்திருப்பு. தீவு இப்படியே கெடாமல் இருக்கட்டும் என்று கரையிலிருந்து சொல்கிறவர்கள் அந்தப் படகில் ஒருமுறை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போய்ப் பார்க்கலாம். அதே சமயம், மண்கரையாகப் போட்டால் ஏரி இன்னொரு துண்டாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தூண்கள் மேல் நிற்கும் பாலத்தால் அந்தக் கேடு குறையும், செலவு கூடும். ராக்கெட்டுக்காக ஏரியின் குறுக்கே சாலை போட முடிந்த நாட்டில், செலவைக் காரணம் காட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இரக்கத்தில் பார்ப்பதற்கென்று பெரிதாக எதுவும் இல்லை; அதனாலேயே எனக்குப் பிடிக்கும். பலகைகள் தெலுங்கில் இருக்கின்றன, பேச்சு தமிழில் நடக்கிறது. மீனும் இறாலும் ஒரு பக்கம், மழையை நம்பிய நெல் ஒரு பக்கம் என்று பிழைப்பு. பனைமரங்களுக்கு நடுவே நடந்து தீவின் கிழக்கு ஓரத்துக்குப் போனால், ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவின் மரவரிசை தெரியும். எங்களுக்குச் சோறு போட்ட வீட்டில் மடவை மீன் குழம்பு. உவர்நீர் மடவைக்குக் கடல் மடவையைவிடக் கொழுப்பு அதிகம் என்று அந்த வீட்டு அக்கா சொன்னார். ருசியை வைத்துப் பார்த்தால் மறுக்கத் தோன்றவில்லை. ஏரிக் கரையூர்களில் பகல் உணவுக்கு விடுதி தேடி அலைவதைவிட, காலையிலேயே ஒரு வீட்டில் சொல்லிவைத்துப் பணம் கொடுத்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

மூன்றாவது நாள் தெற்குக் கரை. நீர்வழியில் பக்கத்தில் இருக்கிற பழவேற்காடு, சாலையில் வெகு தூரம்: ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி என்று நெடுஞ்சாலையில் இறங்கி, தச்சூர் கூட்டு ரோட்டில் திரும்பி, பொன்னேரி, திருப்பாலைவனம் வழியே போக வேண்டும். இங்கே கார் தன் கடமையைச் செய்தது. ஊரிலிருந்து கடலோர மணல்திட்டுக்கு ஏரியின் மேல் பாலம் இருப்பதால், கலங்கரை விளக்கம் வரை வண்டியிலேயே போய்க் கடற்கரையில் நிறுத்தலாம். காவல் சாவடி கிடையாது, முன்பதிவு கிடையாது. மொரீசியசை எதிர்பார்த்து வந்தவனுக்கு மூன்று நாட்களில் கிடைத்த ஒரே கரையோரச் சாலை இதுதான். குண்டும் குழியுமாக இருந்தாலும் அவன் மகிழ்ச்சியோடு ஓட்டினான்.

ஊருக்குள் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய ஜெல்ட்ரியா கோட்டையின் இடம் இப்போது புதர் மண்டிய மேடு. 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைநகரம் இதுவே. கட்டமிட்ட பருத்தித் துணிகள் இங்கிருந்து கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போய், அங்கிருந்து மசாலாப் பொருள்களாக மாறி ஐரோப்பாவுக்குப் போயின. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய கல்தூண்கள் நிற்கின்றன. வெயில் ஏறுவதற்கு முன்பு போனால் கல்வெட்டுகளை நிதானமாகப் பார்க்கலாம்.

இப்பகுதி மீனவர்களிடம் ‘பாடு’ என்ற முறை உண்டு. ஏரியில் வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டு, இன்று இவருக்கு இந்த இடம், நாளை அவருக்கு என்று சுழற்றுவார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபடும் ஆண்டுகளில் எந்த இடமும் நல்ல இடமாக இருப்பதில்லை. கடலிலிருந்து இறால் குஞ்சுகள் ஏரிக்குள் ஏறுவது அந்த வாய் வழியேதான். ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகக்கூடாது என்ற அறிவிப்பும் அவர்களுக்கு வரும்.

செலவைப் பொறுத்தவரை, மூன்று நாள் வாடகையில் ஒரு நாள் முழுக்க வண்டி படகுத்துறையில் மரத்தடியில் நின்றது. ஆகவே அடுத்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் சூலூர்ப்பேட்டை வரை வந்து, ஏரிச் சாலைக்கும் நேலப்பட்டுக்கும் சேர்த்து ஒரு நாளுக்கு மட்டும் வண்டி எடுங்கள். இரக்கத்துக்குத் தடாவிலிருந்து ஆட்டோவே போதும். திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். பழவேற்காட்டைப் பொன்னேரியிலிருந்து பேருந்தில் பார்க்கலாம். ஏப்ரலுக்குப் பிறகு வருவதாக இருந்தால் பூநாரைகளை எதிர்பார்க்க வேண்டாம். மீன் குழம்பை எதிர்பார்க்கலாம்.